சுகப்பிரசவம் என்ற சொல்லும் செயலிழந்த கைகளும்

"தாயும் சேயும் நலம்" என்ற செய்தி தொலைபேசியில் வந்து சேர்ந்ததும் எம்மவர் கேட்கும் அடுத்த கேள்வி அநேகமாக ஒன்றேதான்: "சுகப்பிரசவமோ, ஒப்பரேசனோ?" சுகப்பிரசவம் என்றால் வாழ்த்து, ஒப்பரேசன் என்றால் அனுதாபம். குழந்தையின் நிறை நாலரைக் கிலோ என்று சொல்லிவிட்டால் இலண்டனில் இருப்பவர்களுக்கும் பெருமை, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கும் பெருமை. அந்த நாலரைக் கிலோக் குழந்தை தன் இரண்டு கைகளையும் அசைக்கின்றதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்வி அது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பிறக்கும் பத்தாயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கு குழந்தைகள், பிறக்கும்போதே கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள நரம்புப் பின்னல் காயமடைந்த நிலையில் உலகிற்கு வருகின்றன. ஆண்டொன்றுக்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் நிகழும் இந்நாட்டில் அது ஆண்டுதோறும் இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்பதாகும். பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தேறிவிடுகின்றன என்பது ஆறுதலான செய்தியே. ஆனால் தேறாதவர்கள் வாழ்நாள் முழுவதும் ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்த முடியாமல், சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல், பள்ளியில் விளையாட்டு வேளையில் ஒதுங்கி நிற்பவர்களாகவே வளர்கின்றனர்.

காயம் எவ்வாறு ஏற்படுகின்றது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்வது அவசியம். குழந்தையின் தலை வெளியே வந்துவிடுகின்றது; ஆனால் முன்தோள் தாயின் இடுப்பின் முன்னெலும்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்கின்றது. மருத்துவர்கள் இதனை ஷோல்டர் டிஸ்டோசியா என்பர். நாம் தோள் சிக்கல் என்போம். அடுத்த சில நிமிடங்களுக்குள் குழந்தையை வெளியே எடுக்காவிட்டால் மூளைக்குப் பிராணவாயு போதாமற் போகும். அந்தப் பதற்றத்தில் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்து இழுத்தால், கழுத்து முள்ளந்தண்டிலிருந்து கைக்குச் செல்லும் ஐந்து நரம்பு வேர்களும் இழுபடுகின்றன. நரம்பு சற்று நீண்டிருந்தால் தானாகக் குணமாகும். அறுந்தாலோ, முள்ளந்தண்டிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டாலோ தானாகக் குணமாக வழியில்லை. பொறியியல் படித்த எவருக்கும் இதில் புதிர் எதுவுமில்லை. விசையின் அளவு எவ்வளவு முக்கியமோ அதன் திசையும் அவ்வளவு முக்கியம். முதுகெலும்பின் நேர்கோட்டில் மட்டுமே இழுக்கவேண்டும் என்று இந்நாட்டின் மகப்பேற்று மருத்துவர்களின் றோயல் கல்லூரி தன் வழிகாட்டலில் எழுதி வைத்திருப்பது இதனாலேயே. மேல் வேர்கள் பாதிக்கப்பட்டுக் கை உட்புறம் திரும்பித் தொங்கும் நிலையை 1874 இல் ஜேர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஏர்ப் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

எல்லாக் காயங்களும் எவரது தவறுமல்ல. சில காயங்கள் பிரசவ வலியின் அழுத்தத்தினாலேயே ஏற்படுகின்றன. இதனை மறைத்து மருத்துவர்கள் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமல்ல. ஆயினும் தேசிய சுகாதார சேவையின் இழப்பீட்டு வழக்குகளைக் கையாளும் அமைப்பே, தான் ஆராய்ந்த தோள் சிக்கல் காயங்களில் 46 சதவீதமானவற்றில் பராமரிப்பு உரிய தரத்தில் இருக்கவில்லை என்று கூறியிருக்கின்றது. பாதிக்குச் சற்றே குறைவு. விதி என்று சொல்லி விட்டுவிடக்கூடிய எண்ணிக்கையா இது?

இந்த விடயத்தில் பிரித்தானியச் சட்டத்தையே மாற்றியமைத்த ஒரு தாயின் பெயரை எம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நடீன் மொன்ட்கொமரி ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமுடையவர். இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளி. 1999 இல் கருவுற்றிருந்தபோது, குழந்தை பெரிதாக இருக்கின்றதே, என்னால் இயல்பாகப் பெற்றெடுக்க முடியுமா என்ற கவலையை அவர் மருத்துவரிடம் வெளியிட்டார். நீரிழிவுள்ள தாய்மாரின் பிரசவத்தில் தோள் சிக்குவதற்கு 9 முதல் 10 சதவீதம் வரை வாய்ப்புண்டு என்பது மருத்துவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள், அது தாய்மாருக்கு நல்லதல்ல என்பதே நீதிமன்றத்தில் அவர் கூறிய விளக்கம். 1999 ஒக்டோபர் முதலாம் நாள் குழந்தையின் தோள் சிக்கியது. தலை தெரிந்ததிலிருந்து குழந்தை முழுமையாக வெளியே வர 12 நிமிடங்கள் சென்றன. 4.25 கிலோ நிறையுடைய அந்த ஆண் குழந்தைக்குப் பிராணவாயுக் குறைவினால் நான்கு அவயவங்களையும் பாதிக்கும் மூளைவாதமும், அதனுடன் கை நரம்புக் காயமும் ஏற்பட்டன.

வழக்கு ஸ்கொட்லாந்தின் நீதிமன்றங்களில் இரு தடவை தோற்றது. அந்தத் தாய் விடவில்லை. இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் அமைந்துள்ள உச்ச நீதிமன்றத்தில், ஏழு நீதியரசர்கள் முன்னிலையில், 2015 மார்ச் 11 அன்று அவர் வென்றார். லனார்க்சயர் சுகாதார சபை 52 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்ட்ஸ் இழப்பீடு செலுத்த நேர்ந்தது.

தொகையைவிடப் பெரியது தீர்ப்பின் உள்ளடக்கம். அதுவரை, எந்த ஆபத்தைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதை மருத்துவர்களே தீர்மானித்தனர். ஒரு பொறுப்பான மருத்துவர் குழு அவ்வாறே செய்யும் என்றால் தவறில்லை என்ற 1957 ஆம் ஆண்டின் போலம் அளவுகோல், 1985 இன் சிடவே வழக்கின் மூலம் ஆபத்தை எடுத்துரைக்கும் கடமைக்கும் விரிந்திருந்தது. மொன்ட்கொமரி தீர்ப்பு அதனைத் தள்ளிவைத்தது. அந்த நோயாளியின் நிலையிலிருக்கும் ஒரு சாதாரண மனிதர் எதனை முக்கியமெனக் கருதுவாரோ அதனைச் சொல்லியே ஆகவேண்டும். மாற்று வழிகளையும் சொல்லவேண்டும் என்றது. தெரியாத தொழில்நுட்பச் சொற்களைக் கொட்டுவதாலும், படிவத்தில் ஒப்பம் வாங்குவதாலும் அக்கடமை நிறைவேறாது என்றது. கேட்பதற்கு ஏதேனும் இருக்கின்றதென்றே அறியாத ஒருவர்மீது கேட்கும் பொறுப்பைச் சுமத்துவது யதார்த்தத்துக்குப் புறம்பானது என்றும் நீதியரசர்கள் சுட்டிக்காட்டினர். எமது தாய்மாருக்காகவே எழுதப்பட்டதோ என்று எண்ணத்தோன்றும் வாசகம் அது.

இனி ஒன்றைச் சிந்தியுங்கள். நடீன் மொன்ட்கொமரி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் பயின்ற பட்டதாரி. மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றியவர். அவருடைய தாயும் சகோதரியும் மருத்துவர்கள். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி. அப்படிப்பட்டவருக்கே சொல்லப்படவில்லை என்றால், திருமணமாகி ஓராண்டுக்கு முன் ஹீத்ரோவில் வந்திறங்கி, ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ஓர் அறை வீட்டில் வாழ்ந்துகொண்டு, கணவரின் விடுமுறை நாளில் மட்டும் மருத்துவமனைக்குச் செல்லும் எமது இளம் பெண்ணின் நிலை என்ன? தீர்ப்பு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகின்றது. உரிமை ஆங்கிலத்தில் இருக்கின்றது; எமது தாயோ தமிழில் காத்திருக்கின்றாள்.

கர்ப்ப காலத்தில் மொழித் தடையுள்ள பெண்ணுக்கு, குடும்பத்தைச் சாராத சுதந்திரமான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவேண்டும் என்று நைஸ் எனப்படும் தேசிய வழிகாட்டல் நிறுவனம் 2010 இலும் சொன்னது. 2021 இலும் சொன்னது. அதற்குத் தாய் ஒரு சதமும் செலுத்தவேண்டியதில்லை. நடைமுறையில் நிகழ்வது வேறு. எம்மவரின் மருத்துவமனைக் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் தன்னார்வப் பணியில் நான் மீண்டும் மீண்டும் கேட்பது இதுதான்: மொழிபெயர்த்தவர் கணவர், அல்லது மாமி, அல்லது பதின்மூன்று வயது மகள். குழந்தை வளர்ச்சிக் கோட்டின் மேற்பகுதியில் இருக்கின்றது, சர்க்கரை அளவும் கூடியுள்ளது, வெவ்வேறு பிரசவ முறைகளின் நன்மை தீமைகளைப் பேசுவோம் என்று மருத்துவமாது ஐந்து நிமிடம் சொன்னதைக் கணவர் ஒரே வரியில் முடித்துவிடுகின்றார்: "பிள்ளை கொஞ்சம் பெரிசாம், பயப்பிட ஒண்டுமில்லையாம்." அன்பினால்தான் அப்படிச் சொல்கின்றார். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு தாயின் சட்ட உரிமை முழுவதும் கரைந்துபோகின்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டு தாயின் இடுப்பெலும்பைப் பற்றி மொழிபெயர்க்க வைக்கும் எந்த மருத்துவமனையும் தன் கடமையைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஏன் இது மற்றெல்லாரையும்விட எமக்கு அவசரமானது? நீரிழிவு எம்முடன் கூடப்பிறந்தது என்பதால். சென்னையில் மருத்துவர் வி. சேஷையா தலைமையிலான குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு நகர்ப்புறப் பெண்களில் 17.8 சதவீதமாகவும், சிறுநகரங்களில் 13.8 சதவீதமாகவும், கிராமங்களில் 9.9 சதவீதமாகவும் இருந்தது. நகரத்தில் ஏறத்தாழ ஆறு கர்ப்பிணிகளில் ஒருவர். தாயின் குருதியில் சர்க்கரை மிகுந்தால் அது குழந்தைக்கும் செல்கின்றது. குழந்தையின் உடல் மேலதிக இன்சுலினைச் சுரந்து அச்சர்க்கரையைக் கொழுப்பாகச் சேமிக்கின்றது. அக்கொழுப்பு தலையில் அல்ல, தோளிலும் மார்பிலும் படிகின்றது. தலை வந்தும் தோள் வராமற் போவது இதனாலேயே. "குண்டுக் குழந்தை" என்று நாம் கொஞ்சி மகிழ்வது சில வேளைகளில் சிகிச்சை பெறாத நீரிழிவின் அடையாளம். கர்ப்பிணிக்கு "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று சோற்றையும் இனிப்பையும் திணிக்கும் உறவினர்களுக்கு இதனை எவராவது சொல்லியிருக்கின்றார்களா?

நீரிழிவு மிகுந்த இனப் பின்னணியே ஓர் ஆபத்துக் காரணி என்று நைஸ் வழிகாட்டல் கூறுகின்றது. எனவே தமிழ்ப் பெண்ணுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோசு அருந்திச் செய்யும் பரிசோதனை வழங்கப்படவேண்டும். வெறும் வயிற்றில் 5.6 அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு மணி நேரத்தின் பின் 7.8 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. அதன் பின்னர், ஸ்கானில் குழந்தை மிகப் பெரிதெனத் தெரியுமாயின், இயல்பான பிரசவம், வலியைத் தூண்டுதல், சிசேரியன் ஆகிய மூன்றின் நன்மை தீமைகளையும் விளக்கவேண்டும் என்பதும் வழிகாட்டலிலேயே உள்ளது. குழந்தையின் மதிப்பிட்ட நிறை 4.5 கிலோவுக்கு மேலென்றால், நீரிழிவுள்ள தாய்க்குத் திட்டமிட்ட சிசேரியனைப் பரிசீலிக்கவேண்டும் என்று றோயல் கல்லூரி கூறுகின்றது. ஆக, இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதல்ல.

அப்படியானால் பெரிய குழந்தை என்றதும் எல்லோரும் சிசேரியன் செய்துகொள்ள வேண்டுமா? இல்லை. 4.5 கிலோ என்ற எல்லையை வைத்துச் சிசேரியன் செய்தால், நீரிழிவில்லாத தாய்மாரில் ஒரு நிரந்தர நரம்புக் காயத்தைத் தடுக்க 3,695 சத்திரசிகிச்சைகள் தேவைப்படும் என்று 1996 இல் வெளியான அமெரிக்கக் கணிப்பொன்று காட்டியது. நீரிழிவுள்ளவர்களில் அதே எண்ணிக்கை 443. சத்திரசிகிச்சைக்கும் அதற்கேயுரிய ஆபத்துகள் உண்டு. அடுத்தடுத்த கர்ப்பங்களையும் அது பாதிக்கும். ஸ்கான் சொல்லும் நிறையும் பல வேளைகளில் பிழைக்கின்றது. இந்த எண்களைத் தாயின் முன் வைத்து, அவளுடைய மொழியில் விளக்கி, அவளையே தெரிவு செய்யவிடுங்கள் என்பதே எமது கோரிக்கை. 443 இல் ஒன்று என்பது ஒரு பெண்ணுக்குச் சிறிதாகத் தோன்றலாம். இன்னொருத்திக்குப் பெரிதாகத் தோன்றலாம். அதனை நிறுத்துப்பார்க்கும் தராசு அவளுடையது.

"இயல்பான பிரசவம்" என்பதை ஒரு கொள்கையாகவே தூக்கிப்பிடித்தவர்கள் எம்மவர் மட்டுமல்லர். இந்நாட்டின் மருத்துவமனைகளும் குறைந்த சிசேரியன் விகிதத்தைச் சாதனையாகக் கொண்டாடிய காலம் ஒன்றிருந்தது. சுருஸ்பெரி, ரெல்போர்ட் மருத்துவமனைகளில் 1,486 குடும்பங்களின் அனுபவத்தை ஆராய்ந்து 2022 மார்ச்சில் வெளியான ஒக்கென்டன் அறிக்கை அந்த மனப்போக்கின் விலையை அம்பலப்படுத்தியது. சிசேரியன் விகிதத்தைத் தரத்தின் அளவுகோலாகப் பயன்படுத்தவேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தல் போனதும் அதே ஆண்டில்தான். அவர்களே கைவிட்ட கொள்கையை நாம் மட்டும் "சுகப்பிரசவம்" என்ற அழகான சொல்லுக்குள் பொதிந்து வைத்திருக்கின்றோம். கை செயலிழந்த குழந்தையைத் தந்த பிரசவம் எவருக்குச் சுகம்?

தாய்க்குச் சொல்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. தோள் சிக்கல் நிகழும் பிரசவங்களில் ஏறத்தாழ பாதியில் குழந்தையின் நிறை 4 கிலோவுக்குக் குறைவு. எனவே முன்கூட்டிக் கணிக்க முடியாத தாய்மாரைக் காப்பது பிரசவ அறையின் ஆயத்தமே. தாயின் தொடைகளை வயிற்றோடு நன்கு மடிப்பது முதற்படி. மக்றொபேர்ட்ஸ் முறை எனப்படும் இதுவே 90 சதவீதம் வரை பலனளித்ததாகப் பதிவுகள் உண்டு. பின்னர் முன்னெலும்புக்குச் சற்று மேலே அழுத்தம், தேவையெனின் உள்ளே கைசெலுத்திப் பின்கையை விடுவித்தல். வயிற்றின் உச்சியில் அமுக்குவது கூடவே கூடாது. தெற்காசியப் பிரசவ அறைகள் பலவற்றில் அது இன்னும் வழக்கில் இருந்தபோதிலும்.

இவற்றை நூலில் படித்தால் போதாது, ஒத்திகை பார்க்கவேண்டும். பிறிஸ்ரல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் பிரசவ அறை ஊழியர் அனைவரும் பொம்மையுருவைக் கொண்டு ஆண்டுதோறும் பயிற்சி பெறத் தொடங்கினர். 2008 இல் வெளியான முடிவின்படி, தோள் சிக்கிய குழந்தைகளில் காயமடைந்தோர் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தனர். பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சியின் பின்னர், 2016 இல் வெளியான ஆய்வின் இறுதிக் காலப்பகுதியில் நிரந்தர நரம்புக் காயம் ஒன்றுகூட இல்லை. அபூர்வமாகத் தோன்றும் பழுதுக்காகவே ஒத்திகை நடத்துவது நான் பணிபுரியும் கணினித்துறையில் சாதாரண வழக்கம். ஒரு வங்கியின் வழங்கி நின்றுபோனால் என்ன செய்வதென்று விடிய விடியப் பயிற்சி செய்கின்றோம். ஒரு குழந்தையின் கைக்கு அதைவிடக் குறைந்த ஆயத்தம் போதுமென்று எவரேனும் சொல்லத் துணிவரா? சவுத்மீட்டில் முடிந்தது மற்றெந்த மருத்துவமனையிலும் முடியும். உங்கள் மருத்துவமனையின் ஊழியர் இப்பயிற்சியைக் கடைசியாக எப்போது பெற்றனர் என்று கேட்பதற்கு எந்தத் தாயும் கூச்சப்பட வேண்டியதில்லை.

காயம் நேர்ந்துவிட்ட குடும்பங்களுக்கும் சில வார்த்தைகள். கண்ணூறு என்றும் ஊழ்வினை என்றும் சொல்லி, நீண்ட கைச் சட்டைக்குள் குழந்தையின் கையை மறைக்காதீர்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டும் அசைவுகளைத் தவறாது செய்யுங்கள். எண்ணெய் தேய்த்துக் கையை இழுத்து நீவும் வழக்கத்தை இக்குழந்தையிடம் காட்டவேண்டாம். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லை எனில் காத்திருக்காமல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும்படி வற்புறுத்துங்கள். நரம்புச் சத்திரசிகிச்சைக்குக் காலம் முக்கியம். எம்மவர் செறிந்து வாழும் ஹரோவுக்கு அருகே, ஸ்ரான்மோரிலுள்ள றோயல் தேசிய எலும்பியல் மருத்துவமனையில் இதற்கெனவே பெயர்பெற்ற நரம்புக் காயப் பிரிவு இயங்குகின்றது. மறைத்து வைத்திருக்கும் குழந்தையை அவர்களால் பார்க்க முடியாது.

இளையோருக்கு: நீங்களே அவ்வாறு பிறந்தவராக இருப்பின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குத் தொடுக்கும் மூன்றாண்டுக் காலம் பொதுவாக உங்களது பதினெட்டாவது பிறந்தநாளிலிருந்தே எண்ணப்படும், பெற்றோர் பேசாதிருந்தமையால் உங்கள் உரிமை போய்விடவில்லை. உங்கள் பிறப்புக்கால மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறவும் உங்களுக்கு உரிமையுண்டு.

அண்ணியோ அக்காவோ கருவுற்றிருக்கின்றார், மொழிபெயர்க்க வா என்று உங்களை அழைத்தால், கூடச் செல்லுங்கள், கைபிடித்து அமர்ந்திருங்கள். ஆனால் அதற்கு முன்தினமே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதற்கேற்ப நீண்ட சந்திப்பு நேரமும் வேண்டும், இக்கோரிக்கையைக் கோப்பில் பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.